செகண்ட்ஹேண்ட் ஹெட்போன்... செய்கூலி, சேதாரம் எவ்வளவு?

"அம்மா... 30,000 ரூபாய் ஹெட்போன், 8,000 ரூபாய்க்கு வருதும்மா! வெளிச்சத்தமே கேக்காதாம். எக்ஸாம் வரைக்கும் நிம்மதியா படிப்பேன்!"

ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை செல்போனை நீட்டுகிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பக்கத்து மனையில் போர்வெல் போடுகிறார்கள். ஹாலில் தாத்தாவின் டி.வி. அலறுகிறது. கிச்சனில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒரு பக்கம், பெட்ரூமில் பழைய ஏ.சி. இன்னொரு பக்கம் என்று வீடே ரீங்காரம் போடுகிறது. இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் பிள்ளை எங்கே போய்ப் படிப்பான், பாவம்!

அப்பா பேப்பரை விலக்கிப் பார்க்கிறார். "யாரோ காதுல மாட்டினதை நீ மாட்டிக்கப் போறியா? சொறி, சிரங்குன்னு ஏதாவது வந்தா யார் ஆஸ்பத்திரிக்கு அலையறது?"

பாட்டி தன் பங்குக்கு, "காதை அடைச்சுக்கிட்டா காது செவிடாயிடும்டா கண்ணா" என்கிறார்.

அம்மா என்ன சொல்வது?

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கொஞ்சம் தப்பும் இருக்கிறது. சத்தத்தை அடக்கும் 'நாய்ஸ் கேன்சலிங்' ஹெட்போன் காதுக்கு நல்லதுதான், அது ஒழுங்காக வேலை செய்கிற வரைக்கும்! பழசாக வாங்கும்போது, அந்த 'ஒழுங்காக' என்பதைச் சோதித்துப் பார்க்கத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் பணமும் போகும், காதும் கெடும். பார்க்கத் தெரிந்துவிட்டால், அரை விலையில் முழுப் பலன்!

சத்தத்தை சத்தத்தால் அடிக்கிற வித்தை

சாதாரண ஹெட்போன் பாட்டை மட்டும் கொடுக்கும். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனில் வெளிப்பக்கமும் உள்பக்கமும் குட்டிக் குட்டி மைக்குகள் உண்டு. வெளியிலிருந்து வரும் இரைச்சலை அவை 'கேட்கும்'. உள்ளே இருக்கும் சிப், அந்த இரைச்சலுக்கு நேர் எதிரான ஒலி அலையைத் தயாரித்து ஸ்பீக்கர் வழியாக அனுப்பும். மேடு வருகிற இடத்தில் பள்ளம், பள்ளம் வருகிற இடத்தில் மேடு. ஊஞ்சலை ஒருவர் இந்தப் பக்கம் தள்ளும்போது, இன்னொருவர் அதே பலத்தோடு எதிர்ப் பக்கம் தள்ளினால் என்ன ஆகும்? ஊஞ்சல் நகராது. அதே கதைதான்!

"அப்படின்னா காதுக்குள்ள ரெண்டு மடங்கு சத்தம் போகுதா?" என்று பயப்படவேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், காதுக்குப் போய்ச் சேரும் சத்தம் குறையத்தான் செய்கிறது. நல்ல ஹெட்போன்கள், அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரியான இரைச்சலை 20 டெசிபலுக்கு மேல்கூடக் குறைத்துவிடும்.

சுவாரஸ்யமான ஒரு கதையும் உண்டு. 1978-ல் ஸூரிக் நகரிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் பறந்துகொண்டிருந்தார், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் அமர் போஸ். இவருடைய அப்பா, வங்காளத்திலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய சுதந்திரப் போராட்டக்காரர். விமானத்தில் கொடுத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டார் போஸ். இன்ஜின் இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை. எரிச்சல் வந்ததோ இல்லையோ, பேப்பரை எடுத்து அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்! அவருடைய கம்பெனி 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொதுமக்களுக்கான 'கொயட் கம்ஃபர்ட்' ஹெட்போன் வந்தது 2000-ல். இன்று சோனி, ஆப்பிள், சென்ஹைசர், ஜே.பி.எல். என்று ஏகப்பட்ட கம்பெனிகள் இதைச் செய்கின்றன.

காதுக்கு என்ன லாபம்?

நம் உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. காக்ளியா என்று பெயர். அதற்குள் சுமார் 15,000 மயிர் செல்கள். ஒலியை வாங்கி மூளைக்கு அனுப்பும் தூதர்கள் இவைதான். தலைமுடி கொட்டினால் முளைக்கலாம். இந்தச் செல்கள் ஒருமுறை செத்துப் போனால் போனதுதான். மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதே இல்லை. அதிக சத்தம் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறது. வலிக்காது, ரத்தம் வராது. அதனால்தான் நமக்குத் தெரிவதும் இல்லை. பத்து, பதினைந்து வருஷம் கழித்து, "என்ன சொன்னே?" என்று அடிக்கடி கேட்க ஆரம்பிக்கும்போதுதான் உறைக்கும்.

எவ்வளவு சத்தம் தாங்கும்? உலக சுகாதார நிறுவனம் 2018-ல் கொடுத்த கணக்கு இது. பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். சத்தம் 3 டெசிபல் கூடினால், கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 83 டெசிபல் என்றால் 20 மணி நேரம். 90 டெசிபலுக்கு 4 மணி நேரம். 100 டெசிபல் என்றால்... ஒரு வாரத்துக்கே அரை மணிகூடக் கிடையாது!

இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓடுகிற டவுன் பஸ்ஸுக்குள் இரைச்சல் சர்வசாதாரணமாக 80 டெசிபலை ஒட்டி இருக்கும். அதில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டுமானால், இரைச்சலை மிஞ்சுகிற மாதிரி வால்யூமை ஏற்றியாக வேண்டும். 90-ஐத் தாண்டிவிடும். தினமும் ஒரு மணி நேரம் போக வர இப்படியே கேட்டால், நாலே நாளில் அந்த வாரத்துக் கோட்டா காலி. அதே பஸ்ஸில் இரைச்சலை அடக்கிவிட்டால்? வால்யூமைப் பாதிக்கு வைத்தாலே பாட்டு தெளிவாகக் கேட்கும்.

இதுதான் இந்த ஹெட்போனால் காதுக்குக் கிடைக்கும் உண்மையான லாபம். அது காதுக்கு வைத்தியம் செய்வதில்லை. வால்யூமைக் குறைக்க வழி பண்ணுகிறது, அவ்வளவுதான். அதனால், பழைய ஹெட்போனில் சத்தம் அடக்கும் வேலை பாதி செத்துப்போயிருந்தால் நாம் என்ன செய்வோம்? நம்மையறியாமலே வால்யூமை ஏற்றுவோம். 8,000 ரூபாய்க்கு வாங்கியது லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். மீதிக் காசைக் காது கொடுத்துக்கொண்டிருக்கும்!

எது அடங்கும், எது அடங்காது?

வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது.

நன்றாக அடங்குபவை: ஃபேன், ஏ.சி., ஜெனரேட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன், பஸ் - ரயில் - விமான இன்ஜின் உறுமல். ஒரே மாதிரி, விடாமல் வருகிற கனத்த இரைச்சல்கள்.

அவ்வளவாக அடங்காதவை: குக்கர் விசில், பஸ் ஹார்ன், குழந்தை அழுகை, நாய் குரைப்பு, சுத்தியல் அடி, சீரியலில் வரும் மாமியாரின் வசனம்! கீச்சென்று உயர்ந்த சத்தமும், திடீர் திடீர் என்று வரும் சத்தமும் மைக்கும் சிப்பும் சுதாரிப்பதற்குள் காதுக்குள் நுழைந்துவிடும். இவற்றைக் கொஞ்சமாவது தடுப்பது காதை மூடியிருக்கும் மெத்தைதான்.

ஆகவே, "மாட்டினால் மயான அமைதி" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அதேபோல், கல்யாண பேண்டு செட், தீபாவளி வெடி, டிரில்லிங் மெஷின் போன்றவற்றுக்கு முன்னால் பாதுகாப்புக் கவசமாக இதை நம்பி நிற்கவும் கூடாது. அதற்கென்று தனிக் காதுக் கவசங்கள் இருக்கின்றன.

போவதற்கு முன் கேளுங்கள்

விற்பவரிடம் போனிலேயே ஐந்து கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். பாதி அலைச்சல் மிச்சமாகும்.

1. எந்த மாடல், எந்த வருஷம் வாங்கியது? பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் குழம்பும். உதாரணமாக, சோனியின் 1000எக்ஸ் வரிசையில் எம்3 வந்தது 2018-ல், எம்4 2020-ல், எம்5 2022-ல், எம்6 2025-ல். பெயரில் ஒரு எண் குறைந்தாலே இரண்டு, மூன்று வருஷப் பழசு!

2. பில் இருக்கிறதா? வாரண்ட்டி பாக்கி இருக்கிறதா? பொதுவாக ஒரு வருஷ வாரண்ட்டிதான். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும், ஹெட்போனில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்கவேண்டும். பில் இல்லையென்றால் அது திருட்டுப் பொருளா என்பதுகூட நமக்குத் தெரியாது.

3. சார்ஜ் போடும் பின் எப்படி இருக்கும்? போஸின் க்யூ.சி.35 மாதிரி பழைய மாடல்களில் மைக்ரோ யு.எஸ்.பி.; 2021-ல் வந்த க்யூ.சி.45-ல் 'சி' டைப். வீட்டில் இருக்கும் கேபிள் சேராவிட்டால் அதற்கு ஒரு தனி கேபிள் தேடவேண்டும்.

4. ரிப்பேர் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர், மழை, வியர்வையில் நனைந்ததா? ஜிம்முக்குப் போட்டுக்கொண்டு போனாரா என்று பேச்சோடு பேச்சாக விசாரியுங்கள். உப்பு வியர்வை, மைக்குக்கும் மெத்தைக்கும் எமன்.

5. ஏன் விற்கிறீர்கள்? "புதுசு வாங்கிட்டேன்", "வெளிநாடு போறேன்" என்றால் சரி. பதில் சொல்லத் தடுமாறினால் யோசியுங்கள்.

இன்னொன்று... "நாளைக்கு வர்றேன், ஃபுல் சார்ஜ் போட்டு வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஏன் என்பது பின்னால் புரியும்.

கையில் வாங்கி... எட்டு சோதனைகள்

கத்தரிக்காய் வாங்கினாலே காம்பைக் கிள்ளிப் பார்க்கிறோம். ஆயிரக்கணக்கில் கொடுக்கும்போது பார்க்கக் கூச்சம் எதற்கு? ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபேன் சோதனை: சீலிங் ஃபேனை ஃபுல் ஸ்பீடில் வைத்து அடியில் உட்காருங்கள். ஏ.சி. இருந்தால் இன்னும் நல்லது. பாட்டுப் போடாமல் ஹெட்போனை மாட்டி, சத்தம் அடக்கும் பட்டனை ஆன், ஆஃப் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். ஆன் செய்த நொடியில் ஃபேன் இரைச்சல் 'தொப்'பென்று விழவேண்டும். வித்தியாசமே தெரியவில்லை என்றால், அந்தப் பேரம் அங்கேயே முடிந்தது.

இடது - வலது சோதனை: இரண்டு காதிலும் ஒரே அளவுக்கு அமைதி இருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் இரைந்தால், அந்தப் பக்க மைக் அவுட்!

தாடை சோதனை: ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெற்றிலை மெல்லுவதுபோல வாயை அசையுங்கள், தலையைத் திருப்புங்கள். 'கட கட', 'கீ' என்று சத்தம் வந்தால் மைக்கிலோ, மெத்தையின் பிடிப்பிலோ கோளாறு.

அமுக்கு சோதனை: இரண்டு கையாலும் மெத்தையைக் காதோடு லேசாக அமுக்குங்கள். அமுக்கினால்தான் சத்தம் நன்றாக அடங்குகிறது என்றால், மெத்தை தளர்ந்துபோய் இடைவெளி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மெத்தையை மாற்றினால் சரியாகக்கூடும். ஆனால், அதற்கான காசைக் கழித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பார்ப்பது அவசியம். கண்ணாடிக் கம்பி வழியாகவும் சத்தம் உள்ளே வரும்.

போன் சோதனை: வீட்டுக்கு ஒரு கால் போட்டு, எதிர்முனையில் இருப்பவரிடம் "என் குரல் கேட்குதா?" என்று கேளுங்கள். பேசும் மைக் வேறு, சத்தம் அடக்கும் மைக் வேறாக இருக்கலாம்.

ஆப் சோதனை: அந்தந்தக் கம்பெனியின் ஆப்பை உங்கள் போனில் முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போங்கள். ஹெட்போனை அந்த ஆப் அடையாளம் கண்டுகொள்கிறதா பாருங்கள். டூப்ளிகேட்கள் பார்வைக்கு அச்சு அசலாக இருந்தாலும் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். எடை குறைவாக இருப்பதும், எழுத்துகள் கோணலாக இருப்பதும் கூடுதல் சந்தேகங்கள்.

உடம்பு சோதனை: தலைக்கு மேல் வரும் பட்டை, மடிக்கிற மூட்டு, நீட்டிக் குறைக்கும் இடம் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். தலைமுடி கனத்துக்கு விரிசல் இருந்தாலும் வேண்டாம். ஃபெவிக்விக் போட்ட தடயம் இருந்தால் நிச்சயமாக வேண்டாம்!

பேட்டரி சோதனை: இதற்குத்தான் ஃபுல் சார்ஜ் போடச் சொன்னது. லித்தியம் பேட்டரி சாதாரணமாக 300 முதல் 500 முறை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு, பழைய கொள்ளளவில் சுமார் 80 சதவிகிதத்துக்கு வந்துவிடும். வெயிலில், காரின் டேஷ்போர்டில் கிடந்து வெந்திருந்தால் இன்னும் சீக்கிரம். சோனி எம்4 புதிதாக இருக்கும்போது சத்தம் அடக்கியபடி 30 மணி நேரம் ஓடும் என்பது கம்பெனி கணக்கு. ஆக, ஒரு மணி நேரத்துக்கு 3 அல்லது 4 சதவிகிதம்தான் குறையவேண்டும். 10 சதவிகிதம் குறைந்தால், மிச்சமிருக்கும் ஆயுள் 10 மணி நேரம்தான். சில செட்கள் பத்துப் பத்தாகத்தான் இறங்கிக் காட்டும். அதனால் ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் என்றால் தட்டமாட்டார்.

சார்ஜ் ஏறும்போது ரொம்பச் சூடாவது, ஓட்டின் ஒரு பக்கம் உப்பியிருப்பது, ஒரு மாதிரி ரசாயன வாடை... இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் சும்மா கொடுத்தால்கூட வாங்காதீர்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும். தலையில் மாட்டுகிற பொருள் இது!

நியாயமான விலை எது?

"30,000 ரூபாய் பொருள், 15,000-க்குக் கொடுக்கிறேன். பாதி விலைதானே?" என்பார் விற்பவர். இங்கேதான் உஷார்! அந்த 30,000 என்பது என்றைக்கோ அட்டைப் பெட்டியில் அச்சடித்த விலை. சோனி எம்4, 2020-ல் இந்தியாவுக்கு வந்தபோது 29,990 ரூபாய். அடுத்த மாடல் வந்ததும் முந்தைய மாடலின் விலை தானாக இறங்கிவிடும். ஆகவே, கணக்கைப் பழைய விலையிலிருந்து தொடங்காதீர்கள். அதே மாடல் புதுசாக 'இன்றைக்கு' என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று இரண்டு கடையில் விசாரித்து, குறைந்த விலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ஆரம்பப் புள்ளி.

நகைக் கடைக் கணக்குப் போலத்தான். அங்கே செய்கூலி, சேதாரத்தைக் கூட்டுவார்கள். இங்கே நாம் கழிக்கவேண்டும்.

வாரண்ட்டி பாக்கியிருந்து, பில்லும் இருந்தால் இன்றைய விலையில் 65 முதல் 70 சதவிகிதம் கொடுக்கலாம். வாரண்ட்டி முடிந்து இரண்டு வருஷத்துக்குள் என்றால் பாதி. மூன்று, நான்கு வருஷம் ஆகியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் பழசென்றால், பேட்டரி எந்த நிமிஷமும் மண்டையைப் போடும். விளையாட்டுச் சாமான் விலைக்குக் கிடைத்தால் மட்டும் வாங்கலாம். இது சட்டம் இல்லை. பேரம் பேசக் கையில் வைத்துக்கொள்ளும் ஓர் அளவுகோல்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். இன்றைக்குப் புதுசு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை காட்டியது இரண்டு வருஷப் பழசு.

பாதி விலை: 10,000
புது மெத்தை ஜோடிக்குக் கழிவு: 1,000
பேட்டரி மூன்றில் இரண்டு பங்குதான் நிற்கிறது, அதற்குக் கழிவு: 1,500
பெட்டியும் கேபிளும் இல்லை, அதற்குக் கழிவு: 500
நியாய விலை: 7,000 ரூபாய்

8,000 கேட்டால், 6,500-ல் ஆரம்பித்து 7,000-ல் முடிக்கலாம். மெத்தை என்ன விலை என்பதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். சென்னை ரிச்சி தெரு மாதிரியான எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளிலும் ஆன்லைனிலும் பல மாடல்களுக்குக் கிடைக்கின்றன. ரொம்ப மலிவான மெத்தை போட்டால் காதை ஒட்டி உட்காராமல், சத்தம் அடக்கும் திறனே குறைந்துவிடும். அங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இதே காசுக்குப் புதுசாக என்ன கிடைக்கும்?" பெரிய கம்பெனிகளே இப்போது மலிவு மாடல்களும் போடுகின்றன. சோனியின் சி.ஹெச்.720என், 2023-ல் இங்கே வந்தபோது 9,990 ரூபாய். சத்தம் அடக்குவதில் பெரிய மாடலுக்குக் கொஞ்சம் கீழேதான். ஆனால் புது பேட்டரி, புது மெத்தை, ஒரு வருஷ வாரண்ட்டி! பழசு 9,000 ரூபாய்க்கு மேல் போகிறது என்றால், கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடலாம்.

தனி ஆளிடம் வாங்கத் தயக்கமாக இருந்தால், கம்பெனியோ கடையோ சரிபார்த்து விற்கும் 'ரீஃபர்பிஷ்டு' செட்களைப் பாருங்கள். கொஞ்சம் விலை கூடும். ஆனால் சில மாத வாரண்ட்டி எழுத்தில் கிடைக்கும்.

அடுத்தவர் காது... நம் காது

அப்பாவின் கவலைக்கு வருவோம். அவர் பயம் வீண் இல்லை. காது மெத்தை, ஒரு தலையணை மாதிரி. வியர்வை, எண்ணெய்ப் பசை, செத்த தோல் எல்லாம் அதில் ஊறிக்கிடக்கும். நம்மூர்ப் புழுக்கத்தில் பூஞ்சைக் காளான் சுலபமாக வளரும். காதுக்குள் காளான் தொற்று வந்தால் தாங்கமுடியாத அரிப்பு, அடைப்பு, சில சமயம் நீர் வடிதல் என்று படுத்திவிடும்.

வழி ரொம்ப சுலபம். பழைய மெத்தையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போடுங்கள். தலைக்கு மேல் பெரிதாக வரும் பெரும்பாலான மாடல்களில் மெத்தையைக் கழற்றி மாட்டலாம். விலையில் அதற்காகத்தான் கழித்தோம். தலைப்பட்டையையும் ஓட்டையும், சோப்புத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலரவிடுங்கள். ஸ்பிரிட்டை மெத்தையிலும் ரெக்ஸின் பட்டையிலும் தேய்த்தால் வெடித்து உரிந்துவிடும். மைக் ஓட்டைகளில் ஊசி விட்டு நோண்டாதீர்கள்.

பேன் பயம் இருந்தால், வாங்கியதும் இரண்டு நாள் தனியே வைத்துவிடுங்கள். தலையை விட்டு இறங்கிய பேன், சாப்பாடு கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும்.

இதெல்லாம் காதை மூடும் பெரிய ஹெட்போனுக்குத்தான். காதுக்குள் சொருகும் 'பட்ஸ்' இருக்கிறதே... அதைப் பழசாக வாங்கவே வேண்டாம். ரப்பர் முனையை மாற்றலாம். உள்ளே வலையில் அப்பியிருக்கும் அடுத்தவர் குறும்பியை என்ன செய்வது? போதாக்குறைக்கு பேட்டரி சுண்டைக்காய் சைஸ். அதை மாற்றுவதும் குதிரைக் கொம்பு.

வீட்டுக்குள்ளும் ஒரு சட்டம் போடுங்கள்: ஆளுக்கொரு மெத்தை இல்லையென்றால், ஆளுக்கொரு ஹெட்போன். காதில் சீழ், வலி, அரிப்பு இருப்பவர் குணமாகும் வரை மாட்டக்கூடாது.

யாருக்கு வேண்டாம்?

சிலருக்குச் சத்தம் அடக்கும் பட்டனைப் போட்டதும், லிஃப்ட்டில் இறங்குகிற மாதிரி காது அடைத்து, தலை கிறுகிறுக்கும். ஆபத்து இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. யார் உபயோகிக்கப் போகிறார்களோ, அவரே போய்ப் பதினைந்து நிமிஷம் மாட்டிப் பார்க்கவேண்டும். பிள்ளைக்காக அப்பா போய்ப் பார்த்துவிட்டு வருவது பெண் பார்க்கப் போன கதையாகிவிடும்!

காதில் 'ங்ங்...' என்று இரைச்சல் கேட்கிறவர்களுக்கு, சுற்றிலும் அமைதியானால் அந்த இரைச்சல் இன்னும் பெரிதாகத் தெரியலாம். தாத்தாவுக்கு டி.வி. கேட்கவில்லை என்பதற்காக ஹெட்போன் வாங்கிக் கொடுத்து விஷயத்தை மூடாதீர்கள். காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போய் ஒரு ஆடியோகிராம் எடுங்கள். வெறும் குறும்பி அடைப்பாகக்கூட இருக்கலாம்.

டூ வீலரில், ரோட்டைக் கடக்கும்போது, ரயில் பாதை ஓரத்தில்... கழற்றிப் பையில் போடுங்கள். அங்கே ஹார்ன் சத்தம்தான் உயிர். வீட்டில் தனியாக இருக்கும்போது அடுப்பை ஏற்றிவிட்டு ஹெட்போன் மாட்டுவதும் வேண்டாம்.

பணம் கொடுக்கும்போது...

* பொருளைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். "மிலிட்டரியில் இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, கூரியரில் அனுப்பறேன்" என்பது ஊரறிந்த மோசடி வசனம்.
* பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில் சந்தியுங்கள். பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள்.
* விற்பவர் தன் போனிலிருந்தும் ஆப்பிலிருந்தும் ஹெட்போனை நீக்கி, உங்கள் எதிரிலேயே 'ரீசெட்' செய்து கொடுக்கட்டும்.
* யு.பி.ஐ.யில் அனுப்பினால் அந்த ரசீது உங்களுக்கு ஒரு சாட்சி. சீரியல் நம்பரை எழுதி, ஒரு வரி கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.
* பணத்தை ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வழியுண்டு.

வாங்கியாச்சு... அப்புறம்?

வால்யூம் 60 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது. சரியா, அதிகமா என்று பார்க்க எளிய வழி: பாட்டு ஓடும்போதே ஹெட்போனைக் கழற்றி, கையை முழுசாக நீட்டிப் பிடியுங்கள். அங்கிருந்தே வரிகள் தெளிவாகக் கேட்டால், வால்யூம் அதிகம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் காதுக்குக் காற்றாட ஓய்வு கொடுங்கள். படிக்கிற பிள்ளை பாட்டே போடாமல், வெறும் சத்தம் அடக்கும் பட்டனை மட்டும் போட்டுக்கொண்டு படிக்கலாம். காதுக்கு அதைவிடச் சுகம் வேறில்லை. ராத்திரி மாட்டிக்கொண்டே தூங்குவது, தலையணை அடியில் வைத்து சார்ஜ் போடுவது இரண்டும் கூடவே கூடாது.

சரி, அந்த ப்ளஸ் டூ பையனுக்கு என்ன பதில் சொல்வது?

"சரிடா, வாங்கலாம். ஆனா நீயும் வா, அப்பாவும் வரட்டும். ஃபேனுக்குக் கீழ உக்காந்து பார்ப்போம். ஏழாயிரத்துக்கு மேல ஒரு பைசா கிடையாது. மெத்தையை மாத்தாம காதுல வைக்கக்கூடாது. வால்யூம் பாதிக்கு மேல போச்சு... ஹெட்போன் என் பீரோவுக்குள்ள போயிடும்!"

ஹெட்போன் பழசாகிப்போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். காதை மட்டும் எந்தக் கடையிலும், எந்த விலைக்கும், செகண்ட்ஹேண்டில்கூட வாங்கமுடியாது!